ஜமால் பாய் சொல்லாத பொய்

காலையில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது ஜமால் பாயின் எண்ணிலிருந்து போன் வந்தது. "இன்னா பாய், இவ்ளோ காலையில?" என்றேன். பேசியது வேறு குரல். "அண்ணே, நான் மூங்கில்துறைப்பட்டுல டீக்கடை வெச்சிருக்கேன். இந்த போனுக்காரரு பெஞ்சுல குந்திக்கினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. ஆம்புலன்சுல வந்தவங்க பாத்துட்டு உயிர் இல்லன்னுட்டாங்க. கடைசியா பேசின நம்பரு உங்களுது."

"ராங் நம்பருப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள், அப்படித்தான் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலம் அரைமணி நேரம் என்னோடு சண்டை போட்ட மனிதர். தன் பேத்தி கல்யாணத்துக்கு நான் புதுச்சட்டை எடுக்கவில்லை என்று கோபம். அவ்வளவு சத்தமாகத் திட்டிய தொண்டை அதற்குள் எப்படி அடங்கும்? மறுபடி அதே எண்ணிலிருந்து போன் வந்தது. இந்த முறை வரப்பில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்டேன். இதை எழுதும் இந்த நேரம்வரை எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நம்மில் பலருக்கு அவர் வெறும் 'வீடியோ பாய்'. கள்ளக்குறிச்சியைச் சுற்றி அந்தக் காலத்தில் கல்யாணம், காதுகுத்து நடத்தியவர்கள் வீட்டுக்கெல்லாம் டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்து படம் காட்டியவர். அவரை நான் முதலில் பார்த்தது கல்யாண வீட்டில் அல்ல. ரிஷிவந்தியம் போகும் சாலையில் அவர் வேனை நாங்கள் மறித்தபோது பார்த்தேன்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலையை மறித்த வாரம் அது. எங்கள் ஊர் எல்லையிலும் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு, கல்லை அடுக்கி உட்கார்ந்திருந்தோம். எனக்கு இருபதைத் தாண்டிய வயது. என் அண்ணன் கலியமூர்த்தி களமருதூர்ப் பக்கத்து மறியலுக்குப் போயிருந்தார். போனவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. வடக்கே சுட்டுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு, இல்லை என்று ஒரு பேச்சு. அம்மா சோறு தண்ணி இல்லாமல் சாலையோரத்தில் அந்தத் திசையையே பார்த்தபடி கிடந்தாள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் படம் காட்டிவிட்டு, அடுத்த காதுகுத்துக்குப் போகிற வழியில் எங்களிடம் மாட்டிக்கொண்டார் ஜமால் பாய். "வண்டியில இன்னா?" என்று தடியால் தட்டினான் ஒருவன். "டிவி, டெக்குங்க. எறக்கி வேணாலும் பாருங்க. ஒடச்சிடாதீங்க, அதான் என் சோறு" என்றார். திரும்பிப் போகவும் வழியில்லை, அவருக்குப் பின்னாலும் மரம் விழுந்துவிட்டது. எங்கள் அண்டாச் சோற்றையே அவரும் தின்றார். மறுநாள் ஊர்ப் பெரியவர் சொன்னார்: "சும்மா குந்திக்கினு இருக்கோம், ஒரு படந்தான் போடேன் பாய்."

மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்டு இழுத்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எத்தனை படம் போட்டாலும் முதலில் சாமி படம் போடவேண்டும். அதற்கு முன்னால் டிவிக்குக் கற்பூரம் காட்டவேண்டும். அன்றும் காட்டினோம். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாய் சாமி படப் பெட்டியிலிருந்த கேசட்டை எடுத்து உள்ளே தள்ளினார். திரையில் வந்தது ஜப்பான்காரன் எடுத்த பொம்மைப் படம்!

நடந்தது இதுதான். மலையில் கல்யாண வீட்டார், கற்பூரம் காட்டின கேசட்டு சாமியாகிவிட்டது, அதை வெளியே அனுப்பமாட்டோம் என்று பூஜை மாடத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அவர்களோடு எதற்கு வம்பு என்று வெறும் பெட்டியை வாங்கி வந்தவர், அது நசுங்காமல் இருக்க வேறொரு கேசட்டை அதில் செருகி வைத்தார். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பொம்மைப் படக் கேசட்டு அது. செருகினதை அவரே மறந்துபோனார்.

வற்றிப்போன கடலில் ஒரு இரும்பு ஆமை நடந்துபோகிறது. அதன் முதுகில் ஒரு ஊரே இருக்கிறது. வீடுகள், புகைபோக்கிகள், துணி காயப்போட்ட மாடிகள். பேச்செல்லாம் ஜப்பான் மொழி. "இன்னா பாய் இது? சாமியக் காணோமே?" என்று கூட்டத்தில் ஒரு குரல் உயர்ந்தது. பாய்க்கு வியர்த்துக் கொட்டியதை நான் பார்த்தேன். பின்னாளில் என்னிடம் சொன்னார்: "கற்பூரம் காட்டினப்பறம் சாமி படம் இல்லன்னு சொன்னா, அதுவும் ஒரு பாய் சொன்னா, அன்னிக்கி இருந்த சூட்டுல என் தோலு மிஞ்சியிருக்குமா ஏழுமல?"

அவர் எழுந்து டிவி பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார். "நல்லாப் பாருங்க. ஆமை. யாரு? கூர்மாவதாரம்! ஊரையே முதுவுல தூக்கிக்கினு போறாரு பெருமாளு" என்றார். முன்வரிசைக் கிழவர்கள் கைகூப்பினார்கள். அதன் பிறகு மனிதரை நிறுத்த முடியவில்லை. ஆமையின் வயிற்றுக்குள் சக்கரங்களோடு பேசத் தெரிந்த ஒரு சின்னப் பெண் வந்தாள். அவளுக்குப் பொன்னி என்று பெயர் வைத்தார். அவள் ஏறிப் பறந்த இரும்புப் பறவையைக் கருடன் என்றார். ஆமையைப் பிடிக்க வந்த கறுப்புச் சட்டைக்காரர்களுக்கு அசுரக் கூட்டம் என்று பெயர். ஒரு சொல்லும் புரியாத படத்துக்கு அவர் சொன்ன வசனத்தில் மறியல் கூட்டமே விசில் அடித்தது.

கடைசியில் பறவையின் இறக்கை முறிந்தது. பொன்னி தலைகீழாக மேகத்துக்குள் விழுந்தாள். அத்தோடு பாட்டு வந்து, எழுத்து ஓடி, படம் முடிந்துவிட்டது.

எங்கள் அம்மா எழுந்து நின்று கத்திவிட்டாள். "வுழுந்துட்டாளே! கற்பூரம் காட்டின எடத்துல இப்டிக் காட்டுதே! என் புள்ளைக்கு இன்னாமோ ஆயிப்போச்சிடா!" 

பாய் கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் குந்தினார். "அம்மா, இங்க பாருங்க, ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்குது. இது ரெண்டாம் பாகந்தான். ரெண்டாம் பாகத்துலயே சாவடிக்கறதுக்கா ஒருத்தன் இவ்ளோ பாடுபட்டு படம் எடுப்பான்?"

"அப்ப மீதி இன்னா ஆச்சி? சொல்லு."

மீதி அவரிடம் இல்லை. அங்கேயே இட்டுக்கட்டினார். மேகத்துக்குக் கீழே வேறொரு ஆமை, அதன் முதுகில் வைக்கோல் போர், பொன்னி அதில் விழுந்து தும்மிக்கொண்டே எழுந்தாளாம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பாய் ஒரு தட்டில் சோறு போட்டு நீட்ட, வாங்கித் தின்றாள். தின்றுவிட்டுச் சொன்னாள்: "பொம்ம கதைக்கு மீதி சொல்லிட்ட. என் புள்ளைக்கு மீதிய யாரு சொல்லுவா?"

மறுநாள் விடிந்ததும் என்னிடம் சைக்கிள் கேட்டார். நானும் வருகிறேன் என்றேன். "நீ வந்தா போலீசு புடிப்பான். என்ன எவனும் கண்டுக்க மாட்டான். பாய்தானே, போயிட்டுப் போறான்னு வுட்ருவானுங்க" என்று சொல்லிவிட்டு, மரத்துக்கு மேலே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு போனார்.

மதியத்துக்கு மேல் திரும்பினார். மிதித்து வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். பெரியவரையும் என்னையும் தனியே அழைத்தார். அண்ணனை யாரும் சுடவில்லை. சாலையில் போட மரம் வெட்டியிருக்கிறார்கள். வெட்டின மரம் நினைத்த பக்கம் சாயாமல் அண்ணன் நின்ற பக்கம் சாய்ந்து, அங்கேயே உயிர் போய்விட்டது. சேதி சொல்லக் கிளம்பிய ஆட்கள் வழியெல்லாம் அடைத்துக் கிடந்ததால் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். நாங்களே அடைத்த வழி! 

பெரியவர்தான் முதலில் பேசினார். "பெத்தவ தாங்க மாட்டா. அடிபட்டு ஆஸ்பத்திரில கெடக்கறான், பாக்கணும்னு சொல்றான்னு சொல்லி அழச்சிக்கினு போயிடலாம். அங்க போய்த் தெரிஞ்சிக்கட்டும்." ஊரில் யாரும் இதைத்தான் சொல்வார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். "நீயே சொல்லு பாய். நீ சொன்னா நம்புவா."

"மீதி தெரியாதப்பதான் நான் இட்டுக்கட்டுவேன். இதுல எனக்கு மீதி தெரியுமே பெரியவரே" என்றார் ஜமால் பாய்.

நேரே போய் அம்மா எதிரில் தரையில் உட்கார்ந்தார். "அம்மா, உங்க பெரிய மவன் எறந்துட்டாரு. மரம் வுழுந்து எறந்துட்டாரு. நான் கண்ணால பாத்துட்டு வந்தேன்" என்றார். இவ்வளவுதான். அம்மா இரண்டு கையாலும் அவர் மார்பில் குத்தினாள். "ரெண்டாம் பாகத்துல சாவ மாட்டாங்கன்னியேடா!" என்று குத்தினாள். அவர் விலகவே இல்லை. "தப்பும்மா, நான் சொன்னது தப்பு" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அவர் வேனிலேயே கிளம்பினோம். களமருதூர் போகும்வரை எத்தனையோ இடத்தில் மரம், கல், கொடி, தடியோடு ஆட்கள். வேனுக்குள் அம்மா வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் ஒருவரும் எதுவும் விசாரிக்கவில்லை, ஓடிவந்து மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள். பொய் சொல்லி அழைத்துப் போயிருந்தால் ஒவ்வொரு இடத்திலும் என்னவென்று சொல்லியிருப்போம்? மண் போடுவதற்கு முன்னால் அம்மா தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அவள் சாகும்வரை ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கட்டுக் கரும்பு பாய் வீட்டுக்குப் போனது.

பாய் அதன் பிறகும் ஊர் ஊராகப் பொன்னி கதையை வளர்த்துக்கொண்டேதான் இருந்தார். டெக்கெல்லாம் வழக்கொழிந்து அவர் செல்போன் கடை வைத்த பிறகு, என் மகள் அந்தத் தொடரைத் தேடிப்பிடித்து மூன்றாம் பாகத்தைப் போனில் அவருக்குக் காட்டினாள். பாதி பார்த்துவிட்டு, "இன்னாம்மா இவன், வைக்கப்போரே இல்லாம எடுத்து வெச்சிருக்கான். நம்ம பொன்னிதான் ஜோரு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். லொள்ளு பிடித்த மனிதர்.

அவர் இறந்த அன்று துபாயிலிருந்த அவர் மகனுக்கு நான்தான் சேதி சொன்னேன். அழுகைக்கு நடுவே, "சித்தப்பா, அம்மாகிட்ட சீரியஸா இருக்காருன்னு மட்டும் சொல்லி அழச்சிக்கினு போங்க" என்றான். என் மனைவியும் அதையே சொன்னாள். கள்ளக்குறிச்சியில் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாயின் மனைவி மைமூன் அக்கா கதவைத் திறந்து, "இன்னா தம்பி, சட்ட எடுக்கக் கெளம்பிட்டீங்களா?" என்று சிரித்தார்.

"அக்கா, பாய் எறந்துட்டாரு. மூங்கில்துறைப்பட்டுல. காலையில போன் வந்துச்சு" என்றேன். என் குரல்தான் அது. ஆனால் அப்படிச் சொல்லும் தைரியம் என்னுடையது அல்ல. ஜமால் பாயிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றைத்தான்.

அக்கா வழியெல்லாம் அழுதார். பாதி தூரத்தில் அழுகையை நிறுத்தி, முன் இருக்கையிலிருந்த என் தோளைத் தொட்டார். "சாவறப்ப என் பேரச் சொன்னாரா தம்பி?"

டீக்கடைக்காரரிடம் நான் அதைக் கேட்டிருந்தேன். உங்கள் பெயரைத்தான் சொன்னார் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லக்கா" என்றேன். "ஒண்ணுமே பேசலியாம்."