சனோபரின் குளமும் நான் அடைத்த மடையும்

சனோபரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும். பதினோரு வருஷமாக அவள் பெயரைக் கேட்டாலே வயிறு எரிகிறவன் நான். எரிகிறவனுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்.

அவள் பருத்தி வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற நிலையத்தில் பதினெட்டு வருஷம் மோட்டார் ஓட்டியவள். நிலையத்தை மூடியதும் வீட்டில் சும்மா இருந்தாளா? பின்முற்றத்தில் ஒரு சின்னக் குளம் வெட்டினாள். காவா ஆற்றிலிருந்து பலகைக்கல் கொண்டுவந்து அடுக்கி, தெரு வாய்க்கால் தண்ணீரை அதன்மேல் இறக்கிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டும் என்றாள். அப்படியே பரவிவிட்டது.

நான் முப்பது வருஷமாக இந்தச் சூஸ்த் ஊரில் முற்றம் போடுகிறவன். பளிங்குத் தொட்டி, நடுவில் சிமெண்ட் அன்னம், அதன் வாயிலிருந்து தண்ணீர், சுற்றிலும் கலர் பல்பு. ஒரு காலத்தில் என் அன்னம் நிற்காத வசதியான வீடே இங்கே கிடையாது.

அவள் வேலை செய்கிற விதம் ஒரு கூத்து. அளவு நாடாவைத் தொடமாட்டாள். ஒரு கிண்ணம் பச்சைத் தேநீரோடு முற்றத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு அடுத்த மூலை, அடுத்த கிண்ணம். கல் வைத்துத் தண்ணீர் விட்ட பிறகும் அதே கதைதான். கண்ணை மூடுவாள், ஒரு கல்லை நாலு விரல் தள்ளுவாள், மறுபடி மூடுவாள்.

"என்னம்மா, கல்லு உன்கூட பேசுதா?" என்று ஒரு வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"கல்லு எங்க பேசும் எர்காஷ் அண்ணே? தண்ணிதான் பேசும். அடுப்புகிட்ட நிக்கிறவளுக்கு அது கேக்கணும். தூங்குற பிள்ளைக்குக் கேக்கக் கூடாது. அதத்தான் பாக்குறேன்."

"எங்க அன்னத்துக்கு இந்த வம்பெல்லாம் இல்ல. சுவிட்சைப் போட்டா கொட்டும்."

"ஆமாண்ணே, வாந்தி எடுக்குற மாதிரி கொட்டும்."

சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து ஊரில் அதற்கு வாந்தி அன்னம் என்றே பெயர். யாரும் புதிதாகக் கேட்டு வரவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் ஒரே மகள் ஹிலோலாவை, எங்கள் தெரு வாய்க்காலில் எங்களுக்கு மூன்று வீடு கீழே இருக்கும் தோலிப் வீட்டுக்குக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் முற்றத்தைப் புதுசாகப் போடப்போகிறேன் என்றார் தோலிப். நான் பளிங்கு மாதிரிகளைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன். அழைப்பு சனோபருக்குப் போனது.

தேநீர்க் கடையில் வைத்துக் கேட்டேவிட்டேன். தோலிப் பதறிப்போய் நெஞ்சில் கை வைத்தார்.

"என்ன சம்பந்தி இப்படிக் கேட்டுட்டீங்க? உங்க கைல மம்பட்டியக் குடுத்து வேலை வாங்குனா ஊரு என் மூஞ்சில துப்பாதா? நீங்க எங்க வீட்டு விருந்துல தலைமாட்டு இடத்துல, எல்லாருக்கும் மேல உக்கார வேண்டியவரு."

நியாயம்தான். எங்களில் பெண்ணைக் கொடுத்தவனை யாரும் வேலை ஏவமாட்டார்கள். இதே மரியாதையை வேறு வீட்டில் காட்டவில்லை என்றால் முதலில் சண்டைக்குப் போகிறவன் நான்தான். ஆனாலும் போயும் போயும் அவளையா கூப்பிட வேண்டும்?

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டில் ஆண்களுக்குப் புலாவ் விருந்து. என்னைத் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். நேர் எதிரே அந்தக் குளம். சரிவாக மூன்று கற்கள். தண்ணீர் முதல் கல்லில் மெல்லிசாகப் பரவி, இரண்டாவதில் ஒதுங்கி, மூன்றாவதிலிருந்து கரிய நீரில் விழுந்தது. இருநூறு பேர் சாப்பிடுகிற இரைச்சலிலும் அது தனியாகக் கேட்டது. ஒரு மணி நேரம் குறை தேடினேன். எங்கேயும் கசிவு இல்லை, ஒரு கல்கூட ஆடவில்லை. என் கையால் இதை ஒருநாளும் செய்திருக்க முடியாது என்று எனக்கே தெரிந்தது.

"சனோபர் கை பொன்னு கை" என்றார் பக்கத்தில் இருந்தவர், என்னிடமே.

வீட்டுக்கு வந்தேன். வாய்க்கால் முதலில் என் மதிலைத் தொட்டுவிட்டுத்தான் கீழே போகிறது. மண்ணோடு மூன்று புல்கட்டிகளை வெட்டிப் போட்டு அதை அடைத்தேன். தண்ணீரை என் தக்காளிப் பாத்திக்குத் திருப்பினேன். சாயங்காலம் நமங்கான் நகரத்திலிருந்து வருகிற விருந்தாளிகள் காய்ந்த கல்லைப் பார்க்கட்டும். பொன் கையாம்.

மத்தியானம் தாண்டி மகளை அனுப்பினோம். ஆசீர்வாதம் சொன்னேன். ஹிலோலா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறிய கார் ஊரைச் சுற்றிவரக் கிளம்பியது. என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அழாதண்ணே. இனிமே அந்த வீட்டுல எது நடந்தாலும் அவ கால் வச்ச நேரம்னுதான் சொல்லுவாங்க. நல்ல காலா இருக்கட்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் ஓடிய தண்ணீர், மருமகள் வந்ததும் நின்றது. இதற்கு மேல் ஊர் வாய்க்கு என்ன வேண்டும்? என் மகள் தலை நரைக்கும்வரை சொல்லிக் காட்டுவார்கள். அங்கே ஓடவும் வழியில்லை. பெண்ணை அனுப்பிவைத்த பிறகு பெற்றவன் அன்றைக்கு அந்த வாசலை மிதிக்கக் கூடாது. பட்டு அங்கியோடு வாய்க்காலில் இறங்கிப் புல்கட்டிகளைக் கையாலேயே பிய்த்து எறிந்தேன். தண்ணீர் நகர்ந்தது. ஆனால் இரண்டாவது வீட்டைத் தாண்டுவதற்குள் தோலிப் வாசலில் மருமகள் வந்துவிட்டாள் என்று நீளக்கொம்புகள் முழங்கிவிட்டன.

மகளோடு போன அண்ணி திரும்பி வரும்வரை நான் உட்காரவில்லை.

"குளம் காஞ்சு கெடக்கு தம்பி" என்று ஆரம்பித்தாள். "வாசல்ல மருமகளுக்கு விரிச்ச வெள்ளைத் துணில இவ கால் வைக்கிறா, மாப்பிள்ளையோட பெரியத்தை, 'காலைல ஓடுச்சே, இவ வந்ததும்...'னு இழுக்குறா. எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு."

"அப்புறம்?"

"சனோபர் சுவரோரமா கண்ண மூடி, வாய்க்கால் பக்கம் காத வச்சுட்டு நின்னா. திடீர்னு கையத் தூக்கி, 'சத்தம் போடாதீங்க, தண்ணிய நிறுத்தி வைக்கச் சொன்னதே பொண்ணோட அப்பாதான். எம்மக கால் வச்ச பெறகுதான் வரணும்னு எர்காஷ் அண்ணனுக்கு ஆசை'ன்னா. 'இன்னும் ரெண்டு அடி வைம்மா'ன்னு ஹிலோலாகிட்ட சொன்னா. இவ வச்சா. சலசலன்னு வந்துருச்சு தம்பி! பெரியத்தையே அழுதுட்டா. ஏன்யா, இப்படி ஒரு யோசனைய எங்ககிட்டகூட சொல்லலியே நீ?"

நான் நகத்துக்குள் இருந்த மண்ணை மறைத்துக்கொண்டேன்.

மறுவாரம் ரொட்டி அடுப்படியில் சனோபரைப் பார்த்தேன்.

"அண்ணே, அடுத்த தடவ புல்லுக்கட்டி போடாதீங்க, மடைப் பலகைய எறக்குங்க. குளம் பூரா சேறு. ரெண்டு நாள் கழுவுனேன்."

அவ்வளவுதான். ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு திட்டியிருப்பேன்.

இப்போது அவள் குளம் இருக்கிற வீடுகளில் கல்யாணம் என்றால், மருமகள் வரும்வரை தண்ணீரை நிறுத்தி வைக்கிறார்கள். அதற்கு எர்காஷ் வழக்கம் என்று பெயர். பலகையைத் தூக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், அங்கி போட்டு மரியாதை செய்கிறார்கள். என் அன்னங்களை உடைத்துவிட்டார்கள். ஊரில் என் பெயர் மிஞ்சியிருப்பது அதில் மட்டும்தான், அதுவும் அவள் போட்ட பிச்சை.

நேற்று ஹிலோலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"குளத்துச் சத்தம் கேக்குறப்பல்லாம் உங்க ஞாபகம்தாம்ப்பா. இவன்கிட்டகூட, அது தாத்தா சத்தம்டான்னு சொல்லி வச்சிருக்கேன்."

அது சனோபரின் சத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.