காந்தத்தை நம்பாதவர்கள்

பெரம்பலூரில் ஒரு மனநல மருத்துவமனையில், தலையில் காந்தம் வைத்து மனச்சோர்வுக்குச் சிகிச்சை தரும் மெஷினை ஓட்டுவது என் பிழைப்பு. வருகிறவர்கள் என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள், நானும் அவர்களை அப்படித்தான் பார்ப்பேன். ஊசி, ஸ்கேன் என்று வேலை பார்க்கிற உங்களுக்கும் இது பழகியிருக்கும்.

துள்ளிய விரல்

செந்துறையிலிருந்து தனலட்சுமியைக் கூட்டி வந்தார் கணவர் செல்வராசு, மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். அந்த அம்மா மாதக்கணக்காகச் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. மாத்திரைகளும் கேட்கவில்லை. ஒருநாள் கிணற்றடியில் தனியாகப் போய் நின்றவரை இழுத்து வந்திருக்கிறார்கள்.

மூளையில் சரியான இடத்தில் காந்தம் தட்டினால் கட்டைவிரல் துள்ளும். அதைப் பார்த்துத்தான் டாக்டர் அளவு வைப்பார். ‘டக்’ என்றது, விரல் துள்ளியது. செல்வராசு என்னை முறைத்தார்.

“தலைக்கு வைத்தியம்னுட்டு வெரல ஆட்டுறீங்க. கனெக்சன மாத்திக் குடுத்துட்டீங்களா சார்?”

சுவிட்சில் கை

அதன்பிறகு தினமும் சுவர் சுவிட்சில் கை வைத்தபடியே நின்றார். வெளியே உட்காரச் சொன்னால் காதிலேயே விழாது. எனக்கோ, எங்கே பாதியில் அணைத்துவிடுவாரோ என்று உதறல்.

“ஒங்க காந்தமும் காயிலுதானே? அது எப்ப எரியும்னு அதுக்கே தெரியாது சார். நீங்க ஒங்க வேலையப் பாருங்க.”

கொண்டைக்குள்

தோடு, ஹேர்பின் எதுவும் தலைப்பக்கம் இருக்கக் கூடாது. கழற்றிவிட்டோம் என்று எல்லோரும் சொல்வார்கள், நான் நம்புவதில்லை. ஒருநாள் தனலட்சுமியின் கொண்டை கனமாகத் தெரிந்தது. நர்ஸ் அவிழ்த்தால், உள்ளே ஒரு இரும்பு ஆணி! மெஷினைப் போட்டிருந்தால் ஆணி சூடேறித் தலையைச் சுட்டிருக்கும். யார் வேலை இது என்று கத்தினேன். துணைக்கு வந்திருந்த மாமியார் அசரவே இல்லை.

“காந்தம் இரும்பத்தானே புடிக்கும்? அதப் புடிச்சுக்கிட்டு எம் மருமவ மூளைய வுட்டுடட்டும்னுதான் வச்சேன்.”

தட்டிவிட்ட கை

எதையும் சந்தேகப்படாதவர் தனலட்சுமி ஒருவர்தான். தலையைக் கொடுத்துவிட்டு, என்ன ஆனாலும் சரி என்பது போல உட்கார்ந்திருப்பார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாரங்கள் ஓடின. இன்று கடைசி, இனி வரமாட்டோம் என்று செல்வராசு ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றும் மெஷின் சத்தம் கேட்காமலிருக்கக் காதில் பஞ்சு வைக்கப் போனேன். அந்த அம்மா என் கையைத் தட்டிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏந் தம்பி, இதெல்லாம் நீ மொறையாப் படிச்சுட்டுத்தான் பண்றியா?”

செல்வராசு சுவிட்சிலிருந்து கையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

என்னைப் போலி என்று ஒருவர் நினைத்ததற்காக நான் சந்தோஷப்பட்டது, இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அந்த ஒரு தடவைதான்.