ராஜபாளையம் டேட்டா கூட்டத்தில் என் சோதனை பிழையான கதை

சென்ற மாதம் ஒரு சனி, ஞாயிறு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போய்வந்தேன். டேட்டா வேலை செய்கிறவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்றை அங்கே நூற்பாலைக்காரர்களும் கல்லூரிக்காரர்களும் சேர்ந்து தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு கிளவுட் தளங்களின் வேகத்தை ஒப்பிட்டு இதே வலைப்பூவில் நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்கள். ஓர் ஆலையின் ஆறு மாத உற்பத்தித் தரவை முன்கூட்டியே அனுப்பி, அதை வைத்துச் சோதனை செய்துகொண்டு வரவும் சொன்னார்கள். அந்த ஆலை எந்தத் தளத்துக்கு மாறுவது என்று முடிவெடுக்கப் போகிறது என்பதும் தெரியும். கொஞ்சம் பெருமையாகத்தான் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து செங்கோட்டை ரயில். காலை 6.20க்கு ராஜபாளையம். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்து விடுதிக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"கோயிலுக்கு வந்தீகளாம்மா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணே. மில்லுல ஒரு கூட்டம். டேட்டா பத்திப் பேசுறோம்."

"நல்லதும்மா. எனக்குத் தெனம் ரெண்டு ஜிபி போடுதான். மத்தியானத்துக்குள்ள தீந்துருது. அதையும் செத்த பேசுங்க."

கூட்டம் பத்து மணிக்கு அந்த ஆலையின் பயிற்சி அறையில். நாற்பது பேர் இருந்தார்கள். நடத்துபவர் சேவியர், கல்லூரியில் கணினி ஆசிரியர். முன்வரிசையில் ஆலை மேலாளர். தரவிடம் கேட்கும் பத்துக் கேள்விகளை இரண்டு தளங்களிலும் ஓட்டிய முடிவைக் காட்டினேன். முதல் தளம் ஒரு கேள்விக்குச் சராசரியாகப் பத்தொன்பது விநாடி எடுத்துக்கொண்டது, இரண்டாவது பதினோரு விநாடி. ஆகவே இரண்டாவதை வாங்கலாம் என்று முடித்தேன். கைதட்டினார்கள். மேலாளர் குறித்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். முத்துமாரி, அதே ஆலையின் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறார், சேத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

"மேடம், ஒரு சந்தேகம். ஒரு கேள்விய எத்தன தடவ ஓட்டுனீக?"

"மூணு தடவைங்க. அதுல சராசரி எடுத்தேன்."

"அந்த மூணையும் தனித்தனியா காட்டுவீகளா?"

அதை நானே பார்த்திருக்கவில்லை. எல்லோர் முன்னாலும் திரையில் திறந்தேன். முதல் தளத்தில் 19, 18, 20. இரண்டாவதில் 31, 1, 1.

"மொதத் தடவ மட்டுந்தான் அது வேல பாத்துருக்கு மேடம். பொறவு ரெண்டு தடவையும் பழைய விடைய எடுத்து நீட்டிருக்கு."

இதை நாங்கள் கேச் என்போம். ஒருமுறை கண்டுபிடித்த விடையைச் சேமித்து வைத்து, அதே கேள்வி மறுபடி வந்தால் வேலையே செய்யாமல் கொடுத்துவிடுவது. சோதனையில் அதை அணைத்துவிட வேண்டும். அணைத்ததாகத்தான் நினைத்தேன். ஆனால் அந்தத் தளத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக அணைக்க வேண்டும். நான் அணைத்தது தொடக்கத்தில் திறந்த இணைப்பில் மட்டும். என் ஸ்கிரிப்ட், அதாவது சோதனையை ஓட்டும் நிரல், ஒவ்வொரு கேள்விக்கும் புது இணைப்பைத் திறந்திருக்கிறது.

நூற்றுக்கணக்கானவர்கள் படித்த என் கட்டுரையும் இதே ஸ்கிரிப்டில் வந்ததுதான். சேவியர் எனக்கு உதவப் பார்த்தார்: "சாப்புட்டுட்டுப் பேசிக்கிடலாமே."

மேலாளர் விடவில்லை. "அப்ப எத வாங்க? திங்கக்கிழம நான் கையெழுத்துப் போடணும்."

"போடாதீங்க சார்," என்றேன். "என் சோதனை தப்பு."

சாப்பாட்டு வரிசையில் முத்துமாரியைத் தேடிப் போனேன். விருந்தாளியை மடக்கிவிட்டோமே என்று அவர்தான் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தார். மாத அறிக்கை தயாரிக்க இரண்டு நாள் ஆகிறதே என்று தானாகவே இந்த வேலையைப் படித்துக்கொண்டவர். சோற்றைப் பிசைந்தபடியே அடுத்ததைக் கேட்டார்.

"நீங்க ஒத்த ஆளா ஓட்டிருக்கீக. இங்க ஷிப்ட்டு மாறும்போது சூப்பர்வைசருக அம்புட்டு பேரும் ஒரே நேரத்துல ரிப்போர்ட்டத் தொறப்பாக. அப்பத்தான் சிக்கும்."

மதியம் இரண்டரையிலிருந்து ஐந்து வரை இருவரும் உட்கார்ந்து சோதனையைப் புதிதாக எழுதினோம். இத்தனை வருட வேலையில் இவ்வளவு துல்லியமாக யோசிக்கிற ஒருவரோடு நான் அதிகம் உட்கார்ந்ததில்லை.

ஞாயிறு நிகழ்ச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு கல்லூரிக் கணினி அறையில். ராஜபாளையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். பெண்களுக்குக் கட்டணமில்லை. சீக்கிரமே போய் இறங்கி, மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு ஒன்பதரைக்கு அறைக்குப் போனேன்.

முப்பது கணினிகளில் முப்பது பேர். முத்துமாரி நடுவில் நின்று, "நான் சொன்ன பொறவு அமுக்குங்க" என்றார். ஒரே நேரத்தில் முப்பது அறிக்கைகள். தனியாக ஓட்டியபோது பத்தொன்பது விநாடியில் முடித்த முதல் தளம், எழுபத்து நான்கு விநாடிக்குப் போய்விட்டது. முப்பத்தொரு விநாடி எடுத்த இரண்டாவது, முப்பத்தாறோடு நின்றது. கேள்விகளின் வரிசையைக் கலைத்து மூன்று முறை ஓட்டினோம். அதேதான்.

மேலாளரும் வந்திருந்தார். "அப்ப நேத்து நீங்க சொன்னதுதான சரியா வந்துருக்கு?"

"விடை சரியா வந்துருச்சு சார். நான் போட்ட வழி தப்பு. நேத்து நான் சொன்னத நம்பி வாங்கியிருந்தா, ஏன் வாங்கினோம்னு தெரியாமலே வாங்கியிருப்பீங்க."

அவர் முத்துமாரியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்லுத?"

"ஒரு மாசம் நம்ம ஷிப்ட்டுலயே ஓட்டிப் பாப்போம் சார். ஒரு நாள வச்சுச் சொல்ல முடியாது."

"சரி. நீயே பாரு. ஒன் வேலைய ஒரு மாசத்துக்கு வேற ஆளுகிட்டக் குடுத்துருதேன்."

முத்துமாரி தலையாட்டினார். மேலாளர் போனதும் நாற்காலியை இழுத்துப்போட்டு, எந்த ஷிப்ட்டில் எப்போது ஓட்டுவது என்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், வார இறுதியில் கிடைப்பதில்லை. பால்கோவாவைக் கிளம்பும் நாளில் வாங்குங்கள். சராசரியை மட்டும் காட்டாதீர்கள், ஒவ்வோர் ஓட்டத்தின் நேரத்தையும் காட்டுங்கள். அந்தத் தளத்தைத் தினமும் பயன்படுத்தப்போகிறவரைச் சோதனைக்கு முன்பே கண்டுபிடித்துப் பேசிவிடுங்கள். நான் பேசியது மேலாளரோடும் சேவியரோடும் மட்டும். அதுதான் என் முதல் தவறு. கேச் அதற்கப்புறம் வந்தது.

ஊர் திரும்பியதும் பழைய கட்டுரையின் தலைப்பிலேயே திருத்தம் போட்டு, ஆலைத் தரவை வைத்து ஞாயிறன்று வந்த முடிவையும் அதில் சேர்த்தேன். சிலர் கிண்டல் செய்தார்கள், செய்யட்டும். முத்துமாரிக்கு ஸ்கிரிப்டை அனுப்பிவைத்தேன். புதன்கிழமை பதில் வந்தது.

"மேடம், மூணாவது ஷிப்ட்டு மறுநாள் காலைல முடியும். உங்க ஸ்கிரிப்ட் பன்னெண்டு மணியோட நாள வெட்டுது. அந்த ஷிப்ட்டோட பாதி உற்பத்திய அடுத்த நாள்ல சேத்துருக்கு."

பார்த்தேன். உண்மைதான். சரிசெய்து அனுப்பிவிட்டு, கட்டுரையில் இரண்டாவது திருத்தத்தையும் எழுதினேன்.