கிணற்றுக்குத் தப்பிய ஆமை

எழுமலைக்குச் சற்று முன்னால் டயர் வெடித்துப் பேருந்து நிற்கிறது. சாலையோரக் கிணற்று மேட்டில் ஒரு விவசாயி, முதுகெங்கும் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் கொண்ட ஆமையைத் தண்ணீருக்குள் வீசக் கை ஓங்குகிறார். வகுப்பில் வாய் திறவாத நான் குரல் எழுப்புகிறேன்.

“போடாதீங்கண்ணே, முங்கிச் செத்துப்போகும்.”

“ஆமை முங்குமா தாயி? கெணத்துல கெடந்தா பாசி தின்னு தண்ணியச் சுத்தமா வைக்கும்.”

“அது தண்ணி ஆமை. இது தரை ஆமை. காலைப் பாருங்க, விரலுக்கு நடுவுல சவ்வே இல்ல. எப்படி நீந்தும்?”

அவர் அந்தத் தூண் போன்ற கால்களை நெடுநேரம் பார்க்கிறார். பிறகு ஆவாரம் புதரடியில் ஆமையை இறக்கிவிடுகிறார். அது தலையை நீட்டி, அவசரமின்றி நிழலுக்குள் நடக்கிறது.

“ஏண்ணே, கெணத்துல போடலையா?” என்கிறார் நடத்துநர். நான் வாய் திறக்குமுன் விவசாயி முந்திக்கொள்கிறார்.

“இம்புட்டு ஊரு சுத்துற, இது தெரியாதா மாப்ள? கால்ல சவ்வு இல்லாட்டி அது தரை ஆமை.”