சாக்பீஸ் கோட்டுக்குள் அடங்கிய கார்

ஈனிட் பார்கெட்டர் ஐந்தடிக்கும் குறைவு. போர்க்காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். 1950களில் மால்வெர்ன் மலையடிவாரத்தில், பழைய பன்றிக் கொட்டகை ஒன்றில் வேலை பார்த்தாள். கூலிக்காரனும் வாங்குகிற மாதிரி பந்தயக் கார் செய்து காட்டுகிறேன் என்று கிளெம் ஹாட்னெட் அங்கே கடை விரித்திருந்தான். அவன் பழைய கார்களை உரித்து எஞ்சினை எடுப்பான். அவனிடம் வேலை பார்த்த பெர்ஸ் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் செய்வான். வார்ப்பு அச்சின்மேல் கண்ணாடி இழைத் துணியைப் பரப்பி, பிசின் தடவி, காரின் உடம்பை வார்ப்பது ஈனிட். கை அரிக்கும், முடி ஒட்டிக்கொள்ளும். ஆனால் அச்சிலிருந்து உடம்பு கழன்று வரும்போது, பிள்ளை பெற்றவள் மாதிரி கத்துவாள்.

வரைபடம் கிரைபடம் எதுவும் கிடையாது. கிளெம் தேநீர்ப் பெட்டியில் காலை நீட்டி உட்காருவான். பெர்ஸ் சுவரில் அவனைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு இழுப்பான். அதுதான் கார். கிளெமும் ஈனிட் உயரம்தான் என்பது ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

உறைத்தது ஹாக்லி மேட்டுப் பந்தயத்தன்றுதான். ஒவ்வொரு காராக மலை ஏற வேண்டும், யார் வேகம் என்று பார்ப்பார்கள். கொட்டகை வாடகை பாக்கி; அன்று ஏறிக் காட்டி நாலு பேர் கார் கேட்காவிட்டால், திங்கட்கிழமை கொட்டகை மறுபடியும் பன்றிகளுக்கு. போன வருஷம் கிளெம் வேலியைப் பிய்த்துக்கொண்டு வாத்துக் குளத்தில் இறங்கியதால், அவன் ஓட்டக் கூடாது என்று தடை. அதனால் ஜைல்ஸ் அட்டர்பரி என்ற பெரிய ஓட்டுநரைப் பிடித்திருந்தார்கள். ஆள் பனைமரம்.

"முட்டிய மடக்குங்க தொரை!" என்றான் பெர்ஸ்.

"மடக்கிட்டேன்யா! ஸ்டீயரிங் முட்டிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. இத யாருக்குய்யா செஞ்சீங்க, குரங்குக்கா?"

பெர்ஸ் திரும்பிக் கிளெமைப் பார்த்தான். "முதலாளிக்கு."

நாலு பேர் சேர்ந்து ஜைல்ஸைப் பிடுங்கி வெளியே போட்டார்கள். கொடிக்காரர் கத்தினார்: "அடுத்த வண்டி உங்களுது! ஆள் இருக்கா, இல்லியா?"

"நான் ஓட்டுறேன்" என்றாள் ஈனிட்.

"நீயா? வெளையாடாத ஈனிட், இது பந்தயம்!" என்றான் கிளெம்.

"குண்டு விழுற ரோட்டுலயே ஓட்டியிருக்கேன். இங்க வாத்து மட்டும்தானே இருக்கு? தள்ளு முதலாளி!"

உட்கார்ந்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. கொடி விழுந்தது. கார் பாய்ந்தது, ஐயா, அப்படி ஒரு பாய்ச்சல்! முதல் வளைவில் பின்சக்கரம் புல்லைத் தொட்டு மீண்டது. இரண்டாவது வளைவில் எஞ்சின் மூடியின் வார் அறுந்தது. மூடி எழும்பி முகத்துக்கு நேரே நின்றது, சாலை தெரியவில்லை. அடுத்தது குளத்து வளைவு. "உக்காருடி சனியனே!" என்று தான் வார்த்த மூடியையே திட்டிக்கொண்டு, பக்கவாட்டில் தலையை நீட்டி, ஒற்றைக் கையால் வளைத்தாள். வாத்துகள் அலறிப் பறந்தன. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுக்கவில்லை. மூடி பிய்த்துக்கொண்டு குளத்தில் விழ, மிச்சக் காரோடு உச்சியைத் தாண்டினாள்.

சின்ன எஞ்சின் வண்டிகளில் அதுதான் முதல்! கிளெம் மலையடியிலிருந்து தொப்பி இல்லாமல் ஓடி வந்தான். மூடியில்லாத எஞ்சினைக் கட்டிக்கொள்ளப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை கொட்டகை வாசலில் பன்றி வரவில்லை. ஜைல்ஸ் வந்தான்.

"எனக்கும் ஒண்ணு வேணும். நான் உள்ள போற மாதிரி."

அவன் பின்னாலேயே இன்னும் ஏழெட்டுப் பேர், குட்டை, நெட்டை, தொப்பை. ஈனிட் பெர்ஸ் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கினாள்.

"பெட்டில உக்காருங்க தொரை. காலை நீட்டுங்க. இன்னும்... இன்னும்... யோவ் பெர்ஸ், செவுரு பத்தலய்யா, அந்தக் கதவத் தெற!"