ரோசலின் பூட்டி வைத்த மாதா

எங்கள் தீவில், ஹட் பே குடியிருப்பில், ரோசலினிடம் ஒரு கரண்டி இரவல் வாங்கிப் பாருங்கள். அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு அடையாளப் புள்ளி இருக்கும். வாளி, முறம், அரிவாள்மணை, எல்லாவற்றிலும் அந்தப் புள்ளிதான். பதினாறு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிற என்னையே நம்பமாட்டாள். வீட்டுச் சாவியை ஒளித்து வைக்கிற இடத்தைத் தினமும் மாற்றுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவளைக் குறை சொல்லவும் மனசு வராது. சுனாமியன்று, "தண்ணி வத்திருச்சு, இறங்கி வாங்க" என்று யாரோ கத்தியதை நம்பி மேட்டிலிருந்து தங்கையோடு இறங்கியவள் அவள். அடுத்த அலையில் தங்கை போய்விட்டாள். அன்றிலிருந்து நல்ல சேதி என்றாலே அவளுக்குச் சந்தேகம்தான்.

போன அக்டோபரில், கிறிஸ்தவர்களின் ஜெபமாலை மாதத்தில், மாதா சிலை வீடு வீடாக வந்துகொண்டிருந்தது. சுரூபம் என்பார்கள். ஒரு வீட்டில் ஒரு நாள் இருக்கும். மறுநாள் சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏந்தி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ரோசலின் வீட்டுக்கு மாதா வந்த அன்றுதான் மீன்பிடிக்கப் போன ஒரு டிங்கிப் படகு கடலிலிருந்து திரும்பவில்லை. அதில் அவள் புருஷன் அல்போன்ஸும் கூட்டாளி வின்சென்ட்டும் இருந்தார்கள். அடுத்து மாதா போக வேண்டியது வின்சென்ட்டின் மனைவி டயானா வீட்டுக்கு.

மறுநாள் மாதா கோயில் உபதேசியார் சுரூபத்தை எடுத்துப்போக வந்தார். ரோசலின் கதவைப் பூட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பேசினாள்.

"அவிய வராம மாதா வாசப்படி தாண்டப்படாது."

"கடவுள்மேல பாரத்தைப் போடும்மா."

"போடுறேன். மாதாவை எதுக்குத் தூக்குறீங்க? அங்க போனா வின்சென்ட் மட்டும் வந்துருவான். எனக்குத் தெரியாதாக்கும்!"

ஒரே டிங்கியில் போன இரண்டு பேரில் ஒருவனை மட்டும் மாதா எப்படிக் கரை இறக்குவாள்? கேட்டால் என்னையும் டயானா கட்சியில் சேர்த்துவிடுவாள்.

படகுத்துறையில் விசாரிக்கப் போனோம். அங்கிருந்த அதிகாரி, "ஊபர்வாலே பே பரோசா ரக்கோ" என்று இந்தியில் சொன்னார்.

"மேல இருக்கிறவரை நம்புன்னு சொல்றாரு. கீழ இருக்கிற இவங்க தேடுறாங்களான்னு யாரு பாத்தா?" என்று ரோசலின் என் காதில் கேட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. டயானா. ரோசலின் சுரூபத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள்.

"அக்கா, மாதா இங்கேயே இருக்கட்டும். தனியா செபிக்கப் பயமா இருக்கு. இங்க உக்காந்துக்கிடட்டுமா?"

ரோசலின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். போகச் சொல்லவும் இல்லை. டயானா முழங்காலிட்டு ஜெபமாலையை எடுத்தாள். யார் பெயர் வருகிறதென்று ரோசலின் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பத்து மணியையும் உருட்டி முடிக்கும்போது டயானா, "அல்போன்ஸ் அண்ணனையும் எங்க வீட்டு ஆளையும் கரை சேத்துரும் தாயே" என்றாள். ஐந்து தடவையும் அண்ணன் பெயர்தான் முதலில் வந்தது.

ரோசலினுக்கு முகம் கோணிக்கொண்டது.

"நான் ஒரு தடவகூட ஒம்புருஷன் பேரைச் சொல்லலியே எம்மா. நீ மாதாவைக் கொண்டு போ. நான் பூட்டி வச்சா கடவுள் என் சொல்படி கேட்டுருவாரா? அவிய வருவாவளோ மாட்டாவளோ, எனக்குத் தெரியல. இனிமே அவர் பாடு."

இடுப்பிலிருந்த சுரூபத்தை இறக்கினாள். டயானாவிடம் கொடுத்துவிட்டாள். சுரூபத்தின் அடியை நான் குனிந்து பார்த்தேன். சிவப்புப் புள்ளி இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் அவளுக்குப் போன் வந்தது. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். ஏதோ சரக்குக் கப்பலிலிருந்து பேசினார்கள். குரல் கரகரவென்று, யாருடையதென்றே தெரியவில்லை.

"ரோசலின், என்ஜின் நின்னு போச்சு. இந்தக் கப்பக்காரங்க தூக்கிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் நல்லாருக்கோம்."

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடியும் நல்ல சேதி.

"நான் நம்பமாட்டேன். நீங்க அவியதான்னா வீட்டுச் சாவி எங்க இருக்கு, சொல்லுங்க."

போனில் குரல் எகிறியது.

"அடிப்பாவி! தினமும் இடத்தை மாத்துறவ நீ. எனக்கு எப்படித் தெரியும்?"

"அவியதான்! மாதாவே, அவியதான்!"

போனை என் கையில் திணித்துவிட்டு, "டயானா! ரெண்டு பேரும் வர்றாவ!" என்று அலறிக்கொண்டே ஓடினாள்.

வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. பூட்டலாமென்றால் சாவி எங்கே என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன? அவள் திரும்பி வரும்வரை வாசலில் நான்தான் காவல் நின்றேன்.