மோர்ப்பானை நேராக நின்ற கதை

எலப்புள்ளிக் குப்பண்ணனுக்கு நாற்பத்தாறு வயதில் ஓர் ஆசை வந்தது. தன் கையால் செய்த பானை ஒன்று தன் வீட்டு அடுப்படியில் புழங்க வேண்டும். அதற்குமுன் அவருக்கு ஆசைகள் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

எழுபத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் கிணற்று மோட்டார் புகைந்துபோய் எட்டு நாள் வேலையில்லாமல் கிடைத்தது. விதைப்பானை வாங்கக் குயவர் செங்கோட்டையன் வீட்டுக்குப் போனவர், சுழலும் மண்ணில் சும்மா கை வைத்துப் பார்த்தார். கன்றுக்குட்டி கழுத்தை நீட்டுவதுபோல் ஈரமண் உள்ளங்கைகளுக்கு நடுவே எழும்பி வந்தது. மோட்டார் சரியான பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

ஆனால் பானையின் உருண்டை அடி சக்கரத்தில் வருவதில்லை. பலகையால் தட்டித்தான் வர வேண்டும். முப்பது வருஷம் மண்வெட்டி பிடித்த வலக்கை ஒரு பக்கம் ஓங்கியே விழுந்தது. செய்த பானையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன.

மனைவி முத்தாத்தாள் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். "சத்தம் நல்லாத்தானுங்க இருக்குது. நிக்கத்தான் தெரியல."

ஆறு பானைகள் கோழி அடைவைக்கப் போயின. ஏழாவதை மட்டும், என்ன நினைத்தாளோ, உள்ளே எடுத்துப்போனாள். பானை உட்காரும் வைக்கோல் வளையமான பிரிமணையை, ஒரு பக்கம் மூன்று விரல் கனம் கூட்டிச் சுற்றினாள். பானை நேராக நின்றது. கஞ்சித்தண்ணீரில் பழக்கி, நான்காம் நாள் மோர் ஊற்றினாள். குப்பண்ணன் அன்று ஏழு டம்ளர் குடித்தார். ஐந்துக்கு மேல் தாகம் காரணமல்ல.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். முட்டுக்கொடுத்து நிற்பது நிற்பதாகுமா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் தட்டிப் பழகினார். கடைசியில் செங்கோட்டையன் ஒரு பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குப் பேரு பானைங்க, பண்ணாடி" என்றார். அவர் வாயில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

வீடு வந்ததும் குப்பண்ணன் பழைய பானையை உடைத்தார். புதியதைப் பிரிமணைமேல் வைத்து மோரை ஊற்றினார். அது மறுபக்கம் சாய்ந்தது. மோர் தரையெல்லாம் ஓடியது.

"வேற பிரிமணை ஒண்ணு சுத்து புள்ள."

"பிரிமணை நல்லாத்தானுங்க இருக்குது. பானைதான் கோணை."

"கோணையா? போயி செங்கோட்டையனக் கேளு."

"மோரு அவரு ஊட்லயா ஓடுது?"

மறுநாள் அந்த இடத்தில் அலுமினியப் போசி ஒன்று உட்கார்ந்திருந்தது. தட்டை அடி, அதற்கு யார் தயவும் வேண்டாம்.

குப்பண்ணன் குயவர் வீட்டுக்கு ஓடினார். "செங்கோட்டையா, பழையபடி கோணையா ஒண்ணு வேணும்."

"அதுக்கென்னங்க, தட்டுங்க."

தட்டினார். நேராக வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டினார், நேர். இடக்கையால் தட்டினார், இன்னும் நேர். செங்கோட்டையனே பலகையை வாங்கித் தட்டிப் பார்த்தார். கோணலாகத் தொடங்கியதும் முடிவதற்குள் திருந்திவிட்டது. ஒரு தப்புச் செய்ய முடியாமல் இரண்டு பெரிய மனிதர்கள் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தாம் நாள் செங்கோட்டையன் பலகையைக் கீழே வைத்தார். "வராதுங்க. அம்மிணியவே தட்டச் சொல்லுங்க. பழகாத கை அது ஒண்ணுதான் மிச்சம்."

முத்தாத்தாள் வந்தாள். சேலையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து தட்டினாள். பானை கோணியது உண்மை. ஆனால் வேண்டிய பக்கமாக அல்ல. ஒரு பக்கம் சப்பி, ஒரு பக்கம் உப்பி, அந்தப் பிரிமணைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சூளையிலிருந்து வந்ததும் அவள் தட்டிக்கூடப் பார்க்காமல் இடுப்பில் வைத்து எடுத்துப்போனாள். போசியை அப்புறப்படுத்தினாள். வைக்கோலை நனைத்துப் புதுப் பிரிமணை சுற்ற உட்கார்ந்தாள்.

"நான் கேட்டப்பச் சுத்தமாட்டேன்னியே" என்றார் குப்பண்ணன்.

"அது நீங்க தட்டுனது. இது நான் தட்டுனதுங்க."

அடுப்படியில் இப்போது கையால் செய்த பானைதான் புழங்கியது; கைதான் வேறு. நான்காம் நாள் ஒரு டம்ளர் மோர் மொண்டு கொடுத்தாள். குடித்தார். நன்றாகவே இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.